டீஸல் பிக்கப் வண்டிகளில் விட்டுவிட்டு எரியும் புகைக்கட்டுப்பாட்டு விளக்கு: காரணம் அறியும் முறை

விளைபொருளைக் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்திற்கும், உர மூட்டைகளைக் கடையிலிருந்து வயலுக்கும் கொண்டு செல்வதற்கு டீஸல் பிக்கப் வண்டிகள் இப்பொழுது அநேகமாய் எல்லாக் கிராமங்களிலும் உபயோகத்தில் இருக்கின்றன. 2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ஆம் தேதி முதல் இத்தேசத்தில் விற்பனையாகும் புதிய வண்டிகள் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை அளவு விதிகளுக்கு உட்பட்டவை. அவ்விதிகளை முன்னிட்டு யந்திரத்திலும் புகைக்குழாயிலும் பல புதிய கருவிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்று முறைப்படி வேலை செய்யவில்லை என்று வண்டியிலுள்ள ஈ.ஸி.எம். என்னும் மின்கருவி கருதுமாயின், ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகின்றது.

விளக்கு ஓயாமல் எரிந்துகொண்டிருந்தால் காரணம் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமன்று. இரண்டு நாள் எரிந்து, நான்கு நாள் அணைந்திருந்து, அறுவடை மும்முரத்தில் மறுபடியும் எரிவதே தொந்தரவு தருவது. இத்தகைய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே கோளாறு தலைகாட்டுவதில்லை. ஊகத்தின்மேல் விலையுயர்ந்த ஸென்ஸர் ஒன்று மாற்றப்படும். பத்து நாளில் விளக்கு மறுபடி எரியும். விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவதும் நஷ்டத்திற்கே இடம். கோளாறு நீடித்தால் யந்திரம் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். சில வண்டிகளில் யூரியாத் திரவம் தீர்ந்த பிறகு யந்திரத்தை ஒருமுறை நிறுத்திவிட்டால் மறுபடி கிளப்பவே முடியாது. நெல் மூட்டைகளுடன் நடுவழியில் இவ்வாறு நிற்க நேர்ந்தால் மழைக்காலத்தில் என்னவாகும் என்று சொல்லவேண்டியதில்லை.

கருவிகளின் வேலை

புகையின் ஒரு பகுதியைக் குளிரச் செய்து மறுபடியும் யந்திரத்திற்குள் செலுத்துவது ஈ.ஜி.ஆர். வால்வு. புகையிலுள்ள கரியைப் பிடித்து வைப்பது டி.பி.எப். என்னும் கரிவடிகட்டி. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் என்னும் நச்சுவாயுக்களை நீக்குவதற்குச் சில வண்டிகளில் அவ்வாயுக்களைச் சேமித்து வைத்து அவ்வப்போது மாற்றும் கிரியாஊக்கி மட்டும் உண்டு. மற்றவற்றில் யூரியாத் திரவத்தைப் புகையின்மேல் தெளிக்கும் எஸ்.ஸி.ஆர். என்னும் அமைப்பு உண்டு. டீஸல் ஊற்றும் வாயின் அருகே நீலமூடி இருந்தால் அவ்வண்டி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இவற்றை உஷ்ணம், அழுத்தம், வாயுவின் அளவு ஆகியவற்றை அறியும் ஸென்ஸர்கள் இடைவிடாமல் கண்காணித்து ஈ.ஸி.எம். கருவிக்குத் தெரிவிக்கின்றன. விளக்கு எரிந்தால் அந்தந்தக் கருவியே கெட்டுவிட்டது என்று பொருளல்ல. ஈ.ஸி.எம். கருவிக்கு வந்த செய்தி அது எதிர்பார்த்த அளவுக்கு ஒவ்வவில்லை என்பதே பொருள். செய்தி கொண்டுவரும் ஒயரில் கோளாறு இருப்பினும் விளக்கு எரியும்.

விளக்கு எரிவதற்கும் அணைவதற்கும் உள்ள கணக்கு

இதை அறியாமையால்தான் பெரும்பாலான குழப்பம் உண்டாகிறது. பல கோளாறுகளைப் பொறுத்தவரையில், முதல் ஓட்டத்தில் குறை தென்பட்டவுடன் ஈ.ஸி.எம். அதை நிலுவைக்குறியாகக் குறித்துக்கொள்ளுமேயன்றி விளக்கை ஏற்றுவதில்லை. அடுத்த ஓட்டத்திலும் அதே குறை தென்பட்டால்தான் அது உறுதிக்குறியாகி விளக்கு எரிகின்றது. பின்னர் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை காணப்படாவிட்டால் விளக்கு தானே அணையும். ஆனால் குறி அழிவதில்லை. யந்திரம் சுமார் 40 தடவை குளிர்ந்து சூடேறிய பின்னரே நினைவிலிருந்து நீங்கும். ஆகவே விளக்கு அணைந்ததைக் கொண்டு வண்டி குணமாகிவிட்டது என்று எண்ணுதல் தவறு. வெள்ளிக்கிழமை எரிந்த விளக்கிற்கு வியாழக்கிழமை நேர்ந்ததும் ஒரு காரணம் என்பதையும் மறத்தலாகாது.

மற்றொரு விஷயமும் உண்டு. சில பரிசோதனைகளை ஈ.ஸி.எம். எப்பொழுதும் நடத்துவதில்லை, புகைக்குழாய் போதிய சூடேறி, வண்டி ஒரே சீரான வேகத்தில் சிறிது தூரம் ஓடினால்தான் நடத்துகின்றது. ஊருக்குள்ளேயே திரியும் வண்டியில் வாரக்கணக்கில் விளக்கு எரியாதிருந்து, ஜில்லாத் தலைநகருக்குப் போய்வந்தவுடன் எரிவதன் காரணம் இதுவே. நெடும்பயணம் கோளாறை உண்டாக்கியதென்று சிலர் நினைத்து அதன் பின் தூரப் பயணத்தைக் குறைக்கிறார்கள். உள்ளபடி அப்பயணம் முன்னரே இருந்த கோளாறை வெளிப்படுத்தியதேயாம். பயணத்தைக் குறைப்பதால் வடிகட்டியில் கரி மிகுந்து புதிதாக ஒரு குறையும் சேர்ந்துகொள்ளும்.

குறிகளைப் படித்தல்

ஓட்டுநரின் முழங்காலுக்குமேல், பலகையின் அடியில் 16 முனைகள் உள்ள ஒரு கப்ளர் இருக்கும். அதில் சிறு ஸ்கேனர் ஒன்றைப் பொருத்தினால் கைத்தொலைபேசியிலேயே குறிகளைக் காணலாம். மலிவான ஸ்கேனர் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான குறிகளை மட்டுமே காட்டும். ஒரு கம்பெனிக்கே உரிய குறிகளுக்கு அக்கம்பெனியின் கருவி வேண்டும். குறியின் முதலெழுத்து ‘பி’ ஆனால் யந்திரமும் புகைக்குழாயும் சம்பந்தப்பட்டது. ‘யு’ ஆனால் கருவிகளுக்கு இடையேயுள்ள செய்தித் தொடர்பு அறுந்ததைக் குறிக்கும். அடிக்கடி காணப்படுவன சில: பி 0401, ஈ.ஜி.ஆர். வழியே புகை போதவில்லை என்பது. பி 2463, வடிகட்டியில் கரி மிகுந்தது. பி 2453, வடிகட்டியின் அழுத்த ஸென்ஸர் காட்டும் அளவு பொருந்தவில்லை. பி 20ஈஈ, எஸ்.ஸி.ஆர். அமைப்பு போதுமான வேலை செய்யவில்லை. பி 207எப், யூரியாத் திரவத்தின் தரம் சரியில்லை.

குறியைக் கண்டவுடன் அழித்துவிடுதல் பெரும்பிழை. குறியுடன் கூட, அது தோன்றிய கணத்தில் யந்திரத்தின் சுழற்சி வேகம், தண்ணீரின் உஷ்ணம், வண்டியின் வேகம் முதலியவற்றை ஈ.ஸி.எம். ஒரு சித்திரம் போலப் பதிவு செய்து வைத்திருக்கிறது. விட்டுவிட்டுத் தோன்றும் கோளாறுக்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. குறியை அழித்தால் இப்பதிவும் அழியும். பாட்டரியின் முனையைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பதை ரிப்பேர் என்று சொல்லிக் கூலி வாங்குவோரும் இருக்கின்றனர். அதனால் பல வண்டிகளில் சாட்சியும் போய்விடுகின்றது. முதலில் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு அதன் பின்னரே மேற்கொண்டு செய்யவேண்டும்.

மின்சாரத் தொடர்புகள்

விட்டுவிட்டு வரும் கோளாறில் முதன்முதலில் சந்தேகிக்கத்தக்கது ஒயரிங்கேயாம். கெட்டுப்போன ஸென்ஸர் பெரும்பாலும் கெட்டே இருக்கும். தளர்ந்த கப்ளரோ, குலுங்கும்போதும் நனையும்போதும் மட்டும் தொந்தரவு தரும். இவ்வித்தியாசத்தை மனத்திற்கொண்டால் வீண் செலவு பெரிதும் குறையும்.

பாட்டரியிலிருந்து தொடங்குதல் நலம். இரவு முழுவதும் நின்ற வண்டியில் பாட்டரியின் அளவு 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 வோல்ட் என்றால் பாதி. யந்திரத்தைக் கிளப்பும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது. ஓடும்போது சாதாரணமாய் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். பின்னர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவ் முனையிலும் மற்றொன்றை யந்திரத்தின் உடலிலும் வைத்து, யந்திரத்தைக் கிளப்பச் சொல்லிப் பார்க்கவேண்டும். 0.2 வோல்ட் அளவுக்குள் காட்டினால் எர்த் தொடர்பு நல்லது. அரை வோல்ட்டும் அதற்கு மேலும் காட்டினால் எர்த் ஒயர் பொருந்தும் இடத்தில் துருவோ தளர்ச்சியோ உண்டென்று திண்ணமாகக் கொள்ளலாம். பாட்டரிக்கும் யந்திரத்திற்கும், யந்திரத்திற்கும் சட்டத்திற்கும் இடையேயுள்ள இரு எர்த் தொடர்புகளையும் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்படி தேய்த்து இறுக்கிவிடுவதற்கு அரைமணி நேரமும் வேண்டாம்.

விவசாய வண்டிகளுக்கே உரிய காரணங்கள் சில உண்டு. பொட்டாஷ், அம்மோனியம் ஸல்பேட் முதலிய உரங்கள் மூட்டையிலிருந்து சிந்தி, ஈரம் பட்டுக் கரைந்து, சட்டத்தின் அடியிலுள்ள கப்ளர்களில் இறங்கினால் செம்பு முனைகள் பச்சை பூத்து அரிக்கப்படுகின்றன. சேற்றைப் போக்கப் பம்புத் தண்ணீரைப் பலமாய்ப் பீய்ச்சிக் கழுவும்போதும் கப்ளர்களுக்குள் ஜலம் புகுகின்றது. நெல்லும் வைக்கோலும் உள்ள கொட்டகையில் வண்டியை நிறுத்தினால் எலிகள் யந்திரத்தின் மேல் கூடு கட்டி ஒயரின் மேலுறையைக் கடித்துவிடுகின்றன. செம்புக்கம்பி முற்றிலும் அறாமல், குழியில் இறங்கும்போது மட்டும் சட்டத்தைத் தொடும். இதை எந்த ஸ்கேனரும் நேராகச் சொல்லாது. கண்ணால் பார்த்தே அறியவேண்டும்.

பார்க்கும் முறையாவது: யந்திரம் மெதுவாய் ஓடும்போது, சந்தேகத்திற்குரிய ஸென்ஸரின் அளவை ஸ்கேனரில் வைத்துக்கொண்டு, ஒருவர் அவ்வொயரைக் கப்ளரிலிருந்து தொடங்கிச் சாண் சாணாக அசைத்துவரவேண்டும், மற்றொருவர் அளவைக் கவனிக்கவேண்டும். எவ்விடத்தை அசைக்கும்போது அளவு திடீரென்று துள்ளுகின்றதோ அவ்விடத்தில் கோளாறு. புகைக்குழாயின் அருகே கையுறை இல்லாமல் கை வைத்தலும், சுழலும் பெல்ட்டின் அருகே தளர்ந்த துணியுடன் குனிதலும் கூடா. கப்ளர்களைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்கு அதற்கென்று விற்கும் திரவத்தையே உபயோகிக்கவேண்டும். உப்புக்காகிதத்தால் தேய்த்தால் முனையின் பூச்சு போய் முன்னிலும் விரைவில் அரிக்கும்.

உஷ்ண ஸென்ஸர்களுக்கு எளிய சோதனை ஒன்றுண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியில், விடியற்காலையில் யந்திரத்தைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தால், எல்லா உஷ்ண அளவுகளும் ஏறக்குறைய வெளிக்காற்றின் உஷ்ணத்தையே காட்டவேண்டும். ஒன்று மட்டும் 20 அல்லது 30 டிகிரி விலகிநின்றால் குற்றம் அதனிடமே. அவ்வாறே வடிகட்டியின் அழுத்த ஸென்ஸரும் யந்திரம் ஓடாதபோது பூஜ்யத்தைக் காட்டவேண்டும்.

கரிவடிகட்டி

வடிகட்டியில் சேர்ந்த கரி, புகையின் உஷ்ணம் சுமார் 600 டிகிரி ஸெண்டிகிரேட் அளவுக்கு உயர்த்தப்படும்போது எரிந்து சாம்பலாகின்றது. இதை ஈ.ஸி.எம். தானே அவ்வப்போது நடத்திக்கொள்ளும். அதற்கு வண்டி சீராக 20 நிமிஷம் அளவு ஓடுதல் வேண்டும். களத்திற்கும் வீட்டிற்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியிலும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன் யந்திரத்தை நிறுத்தாமல் வரிசையில் காத்திருக்கும் வண்டியிலும் இது தொடங்கி நடுவில் நின்றுபோகின்றது. கரியை எரிப்பதற்கென்று செலுத்தப்படும் டீஸலில் ஒரு பங்கு யந்திர எண்ணெயில் கலந்து, எண்ணெயின் மட்டம் அளவுகோலின் மேற்கோட்டைத் தாண்டி உயர்கின்றது. எண்ணெய் குறைவதைக் கண்டு அஞ்சுவோர் உயர்வதைக் கண்டு மகிழலாகாது. நீர்த்த எண்ணெய் பேரிங்குகளைக் கெடுக்கும். மட்டம் உயர்ந்திருந்தால் உடனே எண்ணெயை மாற்றவேண்டும்.

வரிசையில் நிற்கும்போது யந்திரத்தை நிறுத்திவைப்பதும், வாரத்திற்கு ஒருமுறையேனும் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டுவதும் போதுமான பரிகாரம். டாங்கியில் டீஸல் மிகக் குறைந்திருந்தால் சில வண்டிகள் கரி எரிப்பைத் தொடங்குவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

இங்கே ஓர் அபாயத்தைக் குறித்து எச்சரித்தல் அவசியம். கரி எரியும் சமயத்தில் புகைக்குழாயும் அதிலிருந்து வரும் காற்றும் மிகுந்த சூடுள்ளவை. அச்சமயத்தில் வண்டியை வைக்கோல், காய்ந்த புல், கரும்புச் சோகை இவற்றின்மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கும். யந்திரம் நிற்கும் நிலையிலும் வழக்கத்தைவிட வேகமாய்ச் சுழல்வதும், விசிறி ஓயாமல் ஓடுவதும், சூட்டு நாற்றமும் இதற்கு அறிகுறிகள். களத்துமேட்டில் போர் போடும் காலத்தில் கிராம உத்தியோகஸ்தர்கள் வண்டிகளை வெறுந்தரையில் நிறுத்தும்படி செய்வித்தல் நன்று.

பி 2453 விட்டுவிட்டுத் தோன்றினால் அழுத்த ஸென்ஸருக்குச் செல்லும் இரு சிறு குழாய்களைப் பார்க்கவேண்டும். சூட்டினால் வெடிப்பு விட்டிருந்தால் அழுத்தம் குறைவாகத் தெரியும். உள்ளே ஜலமும் கரியும் அடைத்திருந்தால் அளவு மெதுவாகவே நகரும். ஸென்ஸரிலிருந்து குழாயைக் கழற்றிய பின்னரே அதை ஊதிச் சுத்தம் செய்யவேண்டும். ஸென்ஸருக்குள் பம்புக்காற்றைச் செலுத்தினால் அது அப்பொழுதே பாழாகும்.

யூரியாத் திரவம்

விவசாயிகளிடம் மிகுந்த நஷ்டத்தை விளைவிக்கக்கூடியது இவ்விஷயம். இத்திரவம் நூற்றுக்கு 32.5 பங்கு யூரியாவும் மற்றது தாதுக்கள் அறவே நீக்கிய ஜலமும் கொண்டது. வீட்டில் உர யூரியா மூட்டை இருக்கையில் இதை ஏன் விலைக்கு வாங்கவேண்டும் என்று தோன்றுதல் இயல்பே. ஆயினும் உர யூரியா இதற்கு ஒருபோதும் உதவாது. 2015-ஆம் வருஷம் முதல் விவசாய யூரியாவின்மேல் வேப்பெண்ணெய் பூசப்படுகின்றது. இவ்வெண்ணெய் தெளிகுழலையும் கிரியாஊக்கியையும் கெடுக்கும். மேலும் உரக் கட்டுப்பாட்டு உத்தரவுப்படி உர யூரியாவில் பையூரெட் என்னும் பொருள் நூற்றுக்கு 1.5 வரை இருக்கலாம். அதைக் கொண்டு 32.5 சதவிகிதக் கரைசல் செய்தால் கரைசலில் பையூரெட் சுமார் 0.49 சதவிகிதம் வரை ஏறக்கூடும். வண்டித் திரவத்திற்கு அனுமதிக்கப்பட்ட மேலளவோ 0.3 தான். கிணற்று ஜலத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தும் கிரியாஊக்கியை அடைத்துப் பாழாக்கும். மானிய யூரியாவைப் பயிருக்கன்றி வேறு காரியத்திற்குத் திருப்புதல் சட்டவிரோதம் என்பதும் யாவரும் அறிந்ததே.

நல்ல திரவமும் காலத்தால் கெடும். 25 டிகிரி உஷ்ணத்தில் 18 மாதம் தாங்குவது 30 டிகிரியில் 12 மாதமும், 35 டிகிரியில் 6 மாதமும் மட்டுமே தாங்கும். தகரக் கொட்டகையில் கோடைகாலம் முழுவதும் கிடந்த டப்பாவைக் கொண்டு டாங்கியை நிரப்பிய பின் பி 207எப் அல்லது பி 20ஈஈ தோன்றினால் வேறு காரணம் தேடவேண்டியதில்லை. ரிப்ராக்டோமீட்டர் என்னும் சிறு கருவியால் செறிவை அளக்கலாம், 31.8 முதல் 33.2 வரை இருத்தல் வேண்டும். டீஸல் ஊற்றிய புனலும், துத்தநாகம் பூசிய வாளியும் இதற்குக் கூடா. சுத்தமான பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. தெளிகுழலின் அருகே உப்புப் பூத்ததுபோல் வெண்மை படர்ந்திருந்தால் திரவம் கசிகின்றது என்று அறியலாம். வெந்நீரால் அது கரையும்.

பி 20ஈஈ தோன்றியவுடன் வாயு ஸென்ஸரை மாற்றுவது பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. அதற்குமுன் திரவத்தின் செறிவையும், தெளிகுழலையும், ஸென்ஸருக்கு முன்னுள்ள புகைக்குழாய் இணைப்புகளில் கசிவு உண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும். இணைப்பில் கரும்பூச்சு தெரிந்தால் கசிவு உண்டு. அதன் வழியே வெளிக்காற்று புகுந்து அளவைத் தடுமாறச் செய்யும்.

ஈ.ஜி.ஆர். வால்வைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கரி படிந்து ஒட்டிக்கொள்வதே அதன் வழக்கமான நோய். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் தீரும்.

ஓர் உதாரணம்

ஒரு வண்டியில் விடியற்காலையில் மட்டும் விளக்கு எரிகின்றதென்றும், பி 2453, பி 0562, யு 029ஈ ஆகிய மூன்று குறிகள் காணப்படுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவது அழுத்த ஸென்ஸரையும், இரண்டாவது மின்னழுத்தக் குறைவையும், மூன்றாவது பின்பக்க வாயு ஸென்ஸருடன் தொடர்பு அறுந்ததையும் குறிப்பன. பதிவில் தண்ணீரின் உஷ்ணம் 27 டிகிரி; ஆகவே யந்திரம் கிளம்பிய கணத்திலேயே குறை நேர்ந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரு ஸென்ஸர்கள் ஒரே காலையில் கெடுவது நம்பத்தக்கதன்று. இரண்டிற்கும் பொதுவானது மின்சாரமே. ஆகையால் பாட்டரியையும் எர்த்தையும் அளந்து பார்ப்பதே முறை. அதற்கு மாறாக, பி 2453 மட்டும் தனித்துத் தோன்றி, பதிவில் 88 டிகிரி உஷ்ணமும் நின்ற நிலையும் காணப்பட்டால் சிறு குழாய்களையும் கரியின் அளவையும் பார்க்கவேண்டும். ஒரே குறி இரு வண்டிகளில் இரு வேறு காரணங்களைச் சுட்டுவது இவ்வாறே.

வடிகட்டியை அறுத்தெடுத்து, ஈ.ஸி.எம். கருவியின் கணக்கையும் மாற்றி விளக்கை நிரந்தரமாக அணைத்துத் தருவதாகச் சொல்வோரிடம் வண்டியை ஒப்படைத்தல் கூடாது. அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றுதல் 1988-ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி தண்டனைக்குரியது; புகைச் சான்றிதழ் பெறுவதற்கும் இடையூறு ஏற்படும்.

ஒவ்வொரு வண்டியிலும் ஒரு நோட்டுப்புத்தகம் இருத்தல் உபயோகமாகும். சங்கங்களுக்குச் சொந்தமாய்ப் பல ஓட்டுநர்கள் கையில் மாறும் வண்டிகளுக்கு இது இன்றியமையாதது. விளக்கு எரிந்த தேதியும் நேரமும், அப்பொழுது மழையா வெயிலா, சுமை எவ்வளவு, யந்திரம் சூடேறியிருந்ததா, முந்திய தினம் கழுவப்பட்டதா, டீஸலும் யூரியாத் திரவமும் எங்கே எப்பொழுது ஊற்றப்பட்டன, காணப்பட்ட குறிகள் யாவை என்பவற்றை அதில் எழுதவேண்டும். பட்டறைக்குச் செல்லும்போது அப்புத்தகத்தையும் உடன் கொண்டுபோய், எந்த அளவைப் பார்த்து எந்தக் கருவியை மாற்றுகிறார்கள் என்று கேட்டு அதையும் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். மாற்றிய பழைய கருவியையும் திரும்பப் பெற்றுக்கொள்வது நலம்.